காது கேளாத ஒருவருக்கு டேப்லெட் பரிசளிக்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பிறவியிலிருந்தே காது கேளாத உங்கள் அண்ணிக்குப் பிறந்தநாள் பரிசாக டேப்லெட் ஒன்று வாங்க நினைத்திருக்கிறீர்கள். ஐபேட் நல்லதா, ஆண்ட்ராய்டு நல்லதா, 8 அங்குலம் போதுமா, 11 அங்குலம் வேண்டுமா, எதில் கேப்ஷன் (பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது) சரியாக வரும் என்பவை உங்கள் கேள்விகள். அவற்றோடு, வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் கருவி அவரை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவருமா என்பதே அது. காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் ஏற்ற கருவிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தப் பழக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் அண்ணிக்கு எஞ்சியிருக்கும் கேள்திறன் எவ்வளவு, செவித்துணைக் கருவி அவருக்கு உதவுமா என்பவற்றைச் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

கேப்ஷன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வசதிகள் விற்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன. முதலாவது, ஒரு படத்துக்கோ தொடருக்கோ அதை வெளியிடுகிறவர்களே எழுதிச் சேர்த்திருக்கும் கேப்ஷன். வேண்டியவர் திரையில் வரவழைத்துக்கொள்ளவும் வேண்டாதவர் மறைத்துக்கொள்ளவும் கூடிய இந்த முறை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1980 மார்ச்சில் தொடங்கியது. மனிதர் எழுதி, மனிதர் சரிபார்த்தது என்பதால் மூன்றிலும் இதுவே நம்பத்தக்கது. இதைக் காட்ட இன்று விற்கும் எந்த டேப்லெட்டாலும் முடியும். இரண்டாவது, டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருக்கும் காணொளியின் ஒலியை அந்தக் கருவியே கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்குவது. கூகுள் 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வெளியிட்ட லைவ் கேப்ஷன் இந்த வகை. மூன்றாவது, எதிரில் இருக்கும் மனிதர் பேசுவதை மைக் வழியாகக் கேட்டு எழுதிக் காட்டுவது. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி இதற்காகவே உருவாக்கப்பட்டது. காது கேளாதோருக்கான பல்கலைக்கழகமான காலடெட்டுடன் சேர்ந்து செய்து, 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். ஆப்பிள் 2022இல் கொண்டுவந்த லைவ் கேப்ஷன்ஸ், இரண்டாம் வகை வேலையையும் மூன்றாம் வகை வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறது. நீங்கள் தேடுவது இந்த மூன்றாம் வகையை. கடையில் காட்டப்படுவதோ பெரும்பாலும் முதல் வகைதான். ஒரு படத்தை ஓடவிட்டு, கீழே எழுத்து வருகிறது பாருங்கள் என்பார்கள்.

மூன்றாம் வகையில் முதலில் பார்க்க வேண்டியது மொழி. நிறுவனத்தின் பெயரும் விலையும் அதற்குப் பிறகுதான். லைவ் டிரான்ஸ்கிரைப் வெளிவந்தபோதே 70 மொழிகளுக்கு மேல் எழுதியது, அதில் தமிழும் உண்டு. ஆப்பிளின் வசதியோ ஆங்கிலத்தில் மட்டுமே தொடங்கி, பின்னர் சில பெரிய மொழிகளுக்கு விரிந்தது. ஆண்ட்ராய்டின் லைவ் கேப்ஷனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் தொடங்கிச் சில மொழிகளை மட்டும் சேர்த்துக்கொண்டது. ஆகவே, ஆங்கிலக் காணொளிக்கு அழகாக எழுத்து வருவதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கும் அப்படியே வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மொழிப் பட்டியல்கள் ஆண்டுக்கு ஆண்டு நீள்கின்றன என்பதால், வாங்கும் நாளில் அந்தக் கருவியின் செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்து, தமிழ் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தமிழ் பட்டியலில் இருந்தாலும், எப்படிப்பட்ட தமிழைப் பேசினால் அது புரிந்துகொள்கிறது என்பது அடுத்த கேள்வி. செய்தி வாசிப்பதைப் போல நிறுத்தி, ஓரளவு எழுத்துத் தமிழுக்கு நெருக்கமாகப் பேசினால் வரிகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வருகின்றன. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுகிறோம், பாதி வாக்கியத்தில் ஆங்கிலச் சொற்களைக் கலக்கிறோம், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வினைமுடிவு வைத்திருக்கிறோம். வயதானவர்கள் பேச்சிலும் குழந்தைகள் பேச்சிலும் பிழைகள் கூடுதலாக வருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எத்தனை சதவீதம் சரியாக வரும் என்று ஒரு எண்ணைச் சொல்வது நேர்மையாகாது. அது உங்கள் வீட்டின் குரல்களையும் வழக்கையும் பொறுத்தது. அதனால்தான், வாங்குவதற்கு முன்பே உங்களிடம் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை இலவசமாக நிறுவி, உங்கள் அம்மாவையும் அண்ணனையும் வழக்கம்போல் பேசவிட்டு, வரும் எழுத்தை ஒலியை மறந்துவிட்டு வாசித்துப் பாருங்கள் என்கிறேன். காது கேட்கிறவர்கள் இதைச் சோதிக்கும்போது, காதில் விழுந்ததைக் கொண்டு பிழைகளைத் தாமாகவே நிரப்பிக்கொள்வார்கள். பேச்சு நடந்தபோது அங்கே இல்லாத ஒருவரிடம் அந்த எழுத்தைக் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். விளம்பரங்கள் எதுவும் தராத உண்மையான மதிப்பீடு உங்களுக்கு அப்போது கிடைக்கும்.

நல்ல முடிவு வராவிட்டால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம், தூரத்தைப் பாருங்கள். திறந்த வெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இருமடங்கானால் ஒலியின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள்ளே குறைவது இதைவிடச் சற்றுக் குறைவு என்றாலும், சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. மின்விசிறியின் இரைச்சலும், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும், பாத்திரங்களின் ஓசையும் தூரத்தில் இருக்கும் குரலைவிட மைக்குக்கு நெருக்கமாக இருக்கும். நாம் ஒரே அறையில் பத்துக் குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்கிறோம்; டேப்லெட்டின் மைக் அதைச் செய்வதில்லை. இதற்குக் கைகொடுப்பது, விலை உயர்ந்த டேப்லெட்டைவிட, சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறிய ஒயர்லெஸ் மைக். அதன் ரிசீவரை டேப்லெட்டின் யூஎஸ்பி-சி துளையில் செருகிவிட்டால், பேசுகிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம்தான். பரிசுக்காக வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்வேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் டேப்லெட்டும் செயலியும் வெளி மைக்கை ஏற்கின்றனவா என்பதைக் கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

பலர் கூடிப் பேசும்போது நிலைமை இன்னும் கடினம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவரின் சொற்களும் ஒரே வரியில் குழம்பி வரும். பேசியது யார் என்பதைப் பெரும்பாலான செயலிகள் பிரித்துக் காட்டுவதில்லை. எழுத்து வருவதற்குள் ஓரிரு நொடிகள் கழிந்துவிடுவதால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் வாசித்துச் சிரிக்க வேண்டியிருக்கும். இதை எந்த டேப்லெட்டும் தீர்த்துவைக்காது, குடும்பம்தான் தீர்க்க வேண்டும். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுவது, பேசத் தொடங்கும் முன் கையை உயர்த்திக் காட்டுவது, பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவும்போது அதை ஒரு சொல்லில் தெரிவிப்பது, அவர் வாசித்து முடிக்கும்வரை ஒரு மூச்சு பொறுப்பது ஆகிய பழக்கங்கள் வீட்டில் வந்தால் சாதாரணக் கருவியே நன்றாக உதவும். இவை வராவிட்டால் உயர்ந்த விலைக் கருவியும் சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும். நான் பார்த்த வீடுகளில் கருவி நிலைத்ததற்கும் நிலைக்காமல் போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இன்னொரு எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பேச்சை எழுத்தாக்கும் இயந்திரம் தவறினால், பொருளில்லாத சொற்குவியல் வரும், வாசிப்பவருக்கு அது பிழை என்று உடனே தெரிந்துவிடும். இப்போதைய இயந்திரங்கள் சரளமாகத் தவறுகின்றன. கேட்காத இடத்தைச் சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு ஊகித்து, இலக்கணம் பிசகாத ஒரு வாக்கியமாகவே தந்துவிடுகின்றன. தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'போகலாம்' என்பதற்கும் 'போகவேண்டாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு விழுங்கப்பட்ட ஓரிரு அசைகளில் தொலைந்துவிடலாம். எண்களும் ஊர்ப் பெயர்களும் மருந்துப் பெயர்களும் அடிக்கடி தவறும். எனவே மருத்துவர் சொல்வதையும், வங்கியில் சொல்வதையும், எதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறதோ அந்தப் பேச்சையும் இந்த எழுத்தை மட்டும் நம்பி முடிக்கக் கூடாது. அங்கெல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதோ சைகை மொழிபெயர்ப்பாளரை அழைப்பதோதான் முறை. மருந்தின் அளவு என்று வரும்போது 'ஏறக்குறைய சரி' என்பது போதாது.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் அண்ணி தமிழை விரைவாக வாசிப்பார் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் முடிவை மாற்றக்கூடிய விவரம் அதுதான். வயதான பிறகு செவித்திறன் இழந்தவருக்குத் தமிழ் தாய்மொழி, எழுத்து வந்தால் போதும், மனதுக்குள் குரலாகவே கேட்கும். பிறவியிலிருந்து காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவருக்கு அந்தச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. உலகில் 7 கோடிக்கும் மேற்பட்ட காது கேளாதோர் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகளைப் பயன்படுத்துவதாக உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்கை மேற்கோள் காட்டி ஐ.நா. சொல்கிறது. அவை பேச்சு மொழிகளின் கைவடிவம் அல்ல, தமக்கென்று இலக்கணம் கொண்ட மொழிகள். புருவத்தின் ஏற்றமும் தோளின் திருப்பமும்கூட அந்த இலக்கணத்தில் சேரும். அப்படிப்பட்ட ஒருவருக்கு, வேகமாக ஓடும் பேச்சுத் தமிழை எழுத்தில் பின்தொடர்வது களைப்பூட்டும் வேலை. எல்லோருக்கும் இது பொருந்தாது. சைகை மொழியிலும் எழுத்திலும் ஒருசேரத் தேர்ந்தவர்கள் நிறையப் பேரை நான் அறிவேன். உங்கள் அண்ணி எப்படி என்பதை அவருடைய வாட்ஸ்அப் செய்திகளே காட்டிவிடும். நீளமாக எழுதுகிறாரா, சுருக்கமாக எழுதுகிறாரா, காணொளியாகப் பதிவுசெய்து அனுப்புவதை விரும்புகிறாரா என்று கவனியுங்கள்.

அவர் சைகை மொழியில் பேசுபவர் என்றால், டேப்லெட்டின் பெரிய பயன் கேப்ஷனைவிடக் காணொளி அழைப்பில் இருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு. முன்பக்கக் கேமரா டேப்லெட்டின் நீளப் பக்கத்தின் நடுவில் இருக்க வேண்டும். படுக்கைவாட்டில் நிறுத்தி வைக்கும்போது கேமரா ஓரத்தில் இருந்தால், முகம் ஒருபுறம் திரும்பியே தெரியும். எதிர்முனையில் இருப்பவருக்குக் கண்பார்வையின் திசை குழம்பும். ஆப்பிள் 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலிருந்துதான் கேமராவை நீளப் பக்கத்துக்கு மாற்றத் தொடங்கியது, அதற்கு முந்தைய ஐபேடுகளில் அது குறுகிய பக்கத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு மாடலையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து தலைக்குமேல் வரை, இரு முழங்கைகளும் அடங்கும்படி படம் பிடிக்கும் அகன்ற கோணம் இருந்தால் நல்லது. நொடிக்கு 25 முதல் 30 படச்சட்டங்கள் தடையின்றிச் செல்ல வேண்டும். அதற்கும் கீழே போகப் போக விரல்களால் எழுத்துக் கூட்டிக் காட்டுவதுதான் முதலில் தெளிவிழக்கும். அறையில் வெளிச்சம் குறைந்தால் பல மலிவான கேமராக்கள் படச்சட்ட எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துவிடும் என்பதால், கடையின் பளிச்சென்ற விளக்கொளியில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம்.

இரு கைகளாலும் பேசுகிறவருக்கு டேப்லெட்டைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இது எவ்வளவு எளிய விஷயமோ அவ்வளவு எளிதாக மறந்துபோகிற விஷயம். உறுதியாக நிற்கும், சாய்வை மாற்றக்கூடிய ஸ்டாண்ட் அல்லது ஸ்டாண்டோடு கூடிய உறை பரிசின் ஒரு பகுதியாகவே இருக்கட்டும். பலர் சேரும் கூட்ட அழைப்புகளில் பெரும்பாலான மென்பொருள்கள் குரல் வந்தவரின் படத்தையே பெரிதாக்கிக் காட்டும். சைகையில் பேசுபவர் குரல் எழுப்பாததால் மூலையில் சிறிதாகவே இருந்துவிடுவார். ஆப்பிளின் ஃபேஸ்டைம் 2020இல் வந்த பதிப்பிலிருந்து குழு அழைப்பில் சைகை செய்பவரை அடையாளம் கண்டு பெரிதாக்குகிறது. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவற்றிலும் சைகை மொழிக்கான காட்சியமைப்பு இருக்கிறது. ஆனால் ஃபேஸ்டைம் முழுப் பயன் தர எதிர்முனையிலும் ஆப்பிள் கருவிகள் இருக்க வேண்டும். உங்கள் அண்ணியின் தோழிகளிடம் இருப்பது என்ன என்பது, உங்கள் வீட்டில் இருப்பது என்ன என்பதைவிட முக்கியம். சைகையைக் கேமராவில் பார்த்து எழுத்தாகவோ குரலாகவோ மாற்றித் தருவதாகச் சொல்லும் செயலிகளும் கையுறைகளும் அவ்வப்போது செய்திகளில் வருகின்றன. அன்றாட உரையாடலுக்கு நம்பிப் பயன்படுத்தும் நிலைக்கு அவை வரவில்லை, அவற்றுக்காகப் பணம் செலவிட வேண்டாம்.

படங்களும் தொடர்களும் பார்க்க வாங்குவதாக இருந்தால், மலிவு மாடல்களில் ஒரு மறைவான குறை உண்டு. வைட்வைன் என்ற பதிப்புரிமைப் பாதுகாப்பு முறையில் எல்1 சான்று இல்லாத, எல்3 நிலையில் மட்டும் இருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில், கட்டணத் திரைச் சேவைகள் பொதுவாக 480பி என்ற குறைந்த தெளிவிலேயே படத்தைத் தரும். கேப்ஷன் எழுத்து அதனால் கெடாது. ஆனால் மூலையில் சிறு கட்டத்துக்குள் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றால் அவர் விரல்கள் கலங்கிப்போகும். கேப்ஷனின் எழுத்தளவையும் நிறத்தையும் பின்னணியையும் மாற்றும் வசதி ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கிறது. யூடியூப் 2009இல் தானியங்கிக் கேப்ஷனைத் தொடங்கியது. ஆனாலும் படைப்பாளர் தாமே எழுதிச் சேர்த்த கேப்ஷன் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடச் சற்றுப் பெரிய அளவை வைப்பது நல்லது. சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரியில் குறைவாகவே அடங்கும், கண் அடிக்கடி வரி மாற வேண்டியிருக்கும். இதனால்தான் வீட்டு உபயோகத்துக்கு 8 அங்குலத்தைவிட 10 அல்லது 11 அங்குலத்தை நான் பரிந்துரைக்கிறேன். அவர் வெளியில் எடுத்துச் செல்வதையே முதன்மையாக நினைத்தால் அப்போது 8 அங்குலம் பொருந்தும்.

அதிர்வு பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். போனுக்குப் பழகியவர்கள் டேப்லெட்டும் அதிரும் என்று எண்ணுகிறார்கள். ஐபேடுகளில் அதிர்வு மோட்டாரே கிடையாது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றிலும் இல்லை. லைவ் டிரான்ஸ்கிரைப்பில், சற்று மௌனத்துக்குப் பிறகு யாரேனும் மீண்டும் பேசத் தொடங்கினாலும், உங்கள் அண்ணியின் பெயரைச் சொன்னாலும் அதிர்ந்து தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. குழந்தை அழுவது, புகை எச்சரிக்கை ஒலிப்பது, கதவு தட்டப்படுவது போன்றவற்றை அறிந்து சொல்லும் வசதியை ஆப்பிள், கூகுள் இரண்டும் 2020இல் கொண்டுவந்தன. அதிர்வில்லாத கருவியில் இவையெல்லாம் திரையில் தோன்றும் ஓர் அறிவிப்பாக மட்டும் சுருங்கிவிடும்; தூங்குகிறவரை அது எழுப்பாது. விழித்தெழும் அலாரமும் ஆபத்து எச்சரிக்கையும் அவருக்குத் தேவை என்றால், கையில் கட்டும் அதிர்வுக் கடிகாரமோ தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியோதான் சரியான பரிசு. டேப்லெட்டை அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டாம். நெருப்பு போன்றவற்றுக்கு ஒலியை ஊகித்துச் சொல்லும் எந்தச் செயலியையும் நம்பியிருக்கக் கூடாது என்று அதைச் செய்த நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

அவர் செவித்துணைக் கருவியோ, அறுவை சிகிச்சையால் உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளாண்டோ அணிபவர் என்றால், டேப்லெட்டின் ஒலி நேராக அதற்குள் போகுமா என்று பாருங்கள். ஆப்பிளுக்கென்று தனி இணைப்பு முறை உண்டு, ஆண்ட்ராய்டில் 10ஆம் பதிப்பிலிருந்து ஏ.எஸ்.ஹெச்.ஏ என்ற முறை வந்தது, இப்போது புளூடூத் எல்இ ஆடியோ என்ற பொதுமுறைக்கு எல்லோரும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். பெட்டியில் 'புளூடூத்' என்று போட்டிருப்பது மட்டும் போதாது. செவித்துணைக் கருவியின் மாடல் பெயரைக் கொண்டு, அதன் தயாரிப்பாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் அந்த டேப்லெட் இருக்கிறதா என்று சரிபார்ப்பதே பாதுகாப்பு.

நினைவகம், பிராசஸர் ஆகியவற்றில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. மிக மலிவான அடுக்கைத் தவிர்த்துவிட்டு, இன்னும் குறைந்தது நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக உறுதியளிக்கும் மாடலாகப் பாருங்கள். கேப்ஷன் வசதிகள் புதுப்பிப்புகளின் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. ஐபேடில் ஆப்பிளின் லைவ் கேப்ஷன்ஸ் இயங்க ஏ12 பயானிக் சில்லோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பதால், பழைய ஐபேடைக் கைமாற்றாக வாங்குவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். கூகுள் ப்ளே ஸ்டோர் இல்லாமல் விற்கப்படும் அமேசான் ஃபயர் டேப்லெட்டுகளையும், கூகுள் சேவைகள் இல்லாத ஹுவாவே டேப்லெட்டுகளையும் இந்தத் தேவைக்கு வாங்க வேண்டாம். தரத்தில் குறை என்பதால் சொல்லவில்லை, லைவ் டிரான்ஸ்கிரைப்பை அவற்றில் முறையாக நிறுவ முடியாது என்பதால் சொல்கிறேன். அந்தச் செயலி தமிழுக்குப் பெரும்பாலும் பேச்சை இணையம் வழியாக அனுப்பி எழுத்தாக்குவதால், அவர் வெளியில் பயன்படுத்துவார் என்றால் சிம் போடும் மாடலோ போனிலிருந்து ஹாட்ஸ்பாட்டோ தேவைப்படும். வீட்டுப் பேச்சு இணையத்துக்குப் போகிறது என்பதை அறையில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுவது நியாயம்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. வீட்டில் தமிழ்ப் பேச்சை எழுத்தில் காண்பதுதான் முதன்மை நோக்கம், அவரும் தமிழை இயல்பாக வாசிப்பவர் என்றால், ப்ளே ஸ்டோர் உள்ள 10 அல்லது 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் காலர் மைக்கும் வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமில்லை. அவர் சைகை மொழியில் வாழ்கிறவர், தோழிகள் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்றால், நீளப் பக்கத்தில் கேமரா உள்ள ஐபேடும் நல்ல ஸ்டாண்டும் பொருத்தம். தமிழ் எழுத்தாக்கத்துக்கு அவருடைய போன் ஆண்ட்ராய்டாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு எது என்பதில்தான் ஐயம், அதை அவரைக் கேட்காமல் யாராலும் தீர்க்க முடியாது.

அவரைக் கேட்டால் திடீர்ப் பரிசு என்ற மகிழ்ச்சி போய்விடுமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்கத்தான் சொல்வேன். காது கேளாதவருக்காக மற்றவர்கள் முடிவெடுப்பது அவர் வாழ்வில் ஏற்கெனவே நிறைய நடந்திருக்கும். பரிசைக் கொடுக்கும்போதும், இனி நாங்கள் பேசுவது உங்களுக்குப் புரியும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். புரியவைக்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்ததுபோல் ஆகிவிடும். கணக்கும் கடவுச்சொல்லும் அவர் பெயரிலேயே, அவர் கையாலேயே அமையட்டும். லைவ் டிரான்ஸ்கிரைப்பில் தனிச்சொற்களைச் சேர்க்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் உள்ளவர்கள் பெயர்களையும் அடிக்கடி அடிபடும் ஊர்ப் பெயர்களையும் அவரோடு உட்கார்ந்து அதில் சேர்த்துப் பாருங்கள். உரையாடல்களைச் சேமித்து வைக்கும் அமைப்பையும் காட்டி, வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அவர் இப்போது பயன்படுத்தும் போன் எது, சைகை மொழியில் எவ்வளவு பேசுகிறார், காதில் கருவி எதுவும் அணிகிறாரா, டேப்லெட்டை வீட்டில் அதிகம் வைத்திருப்பாரா வெளியில் கொண்டு செல்வாரா என்ற நான்கு விவரங்களையும் அவரிடமே கேட்டு எழுதினால், இன்று விற்பனையில் இருக்கும் மாடல்களில் இரண்டு மூன்றைப் பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறேன். வாங்கும்போது, திருப்பிக் கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் எத்தனை நாள் அவகாசம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள்ளாகவே, வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு மாலைப்பொழுதில் மைக்கை மாட்டிப் பேசிப் பார்த்து, வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதை உங்கள் அண்ணி சொல்லட்டும்.